ஒரே தீர்ப்பு, இரண்டு வாசிப்புகள்: பேராதனைச் சட்ட வகுப்பும் கண்டி நீதிமன்றங்களும்

சட்டம் கற்பிக்கப்படும் வகுப்பறைக்கும் அது மக்கள்மீது செயற்படும் நீதிமன்றத்துக்கும் இடையிலுள்ள தொலைவு, இலங்கைச் சட்டக் கல்வியின் வரலாறு நெடுகிலும் தீராத சிக்கலாக இருந்துவந்துள்ளது. கண்டியையும் அதன் அருகிலுள்ள பேராதனையையும் சேர்த்து நோக்கும்போது அச்சிக்கல் மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1947ஆம் ஆண்டு சட்டத்துறை தொடங்கப்பட்டபோது அதன் துணைவேந்தராக இருந்தவர் அரசியலமைப்புச் சட்ட அறிஞரான சேர் ஐவர் ஜெனிங்ஸ். பேராதனை வளாகம் உருவாகிவந்த ஆண்டுகளில் மலைநாட்டுக்கு இடம்மாறிய அத்துறை, 1965இல் மீண்டும் கொழும்புக்கே சென்றது. அத்துறையில் நெடுங்காலம் பேராசிரியராக விளங்கிய ரி. நடராஜா, இலங்கையின் சட்ட முறைமையை அதன் வரலாற்றுச் சூழலில் வைத்து ஆராய்ந்து எழுதி 1972இல் வெளிவந்த நூல், இந்நாட்டின் சட்ட அறிவுலகம் பெற்ற பெரும் பேறுகளில் ஒன்று. ஆயினும் உயர் நீதிமன்றமும், 1874இல் அமைந்த சட்டக் கல்விப் பேரவையின் வழிவந்த சட்டக் கல்லூரியும், மூத்த சட்டத்தரணிகளின் அலுவலகங்களும் கொழும்பின் புதுக்கடையில் ஒன்றையொன்று ஒட்டி அமைந்திருந்த நிலையில், மகாவலிக் கரையில் கற்ற சட்ட மாணவருக்கு வழக்காடும் உலகம் பெரும்பாலும் அறிக்கைத் தொகுதிகளின் வழியாகவே அறிமுகமாயிற்று.

இன்று பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் மீண்டும் ஒரு சட்டத்துறை இயங்குகிறது. அங்கிருந்து சில கிலோமீற்றர் தொலைவுக்குள் நீதவான் நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம், மத்திய மாகாணத்தின் மேல் நீதிமன்றம், தொழில் நியாய சபை, சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் ஆகிய அனைத்தும் உள்ளன. நீதிபதிகளையும் பொதுச் சேவைச் சட்டத்தரணிகளையும் மாணவர் முன் அழைத்து உரையாடச் செய்வதற்கு இதைவிட வாய்ப்பான இடம் கொழும்புக்கு வெளியே அரிது. பொதுச் சேவைச் சட்டத்தரணி என்ற தொடர் இங்கு, சட்ட உதவி ஆணைக்குழுவிலும் சட்டமா அதிபர் திணைக்களத்திலும் மனித உரிமை அமைப்புகளிலும் பணிபுரிவோரையும், தனியாகத் தொழில் செய்துகொண்டே வசதியற்றோரின் வழக்குகளைக் கட்டணமின்றி ஏற்போரையும் ஒருங்கே குறிக்கிறது. இத்தகைய சந்திப்புகள் பெரும்பாலும் விருந்தினரின் வாழ்க்கைக் குறிப்பு, அறிவுரை, நன்றியுரை என்ற ஒழுங்கில் முடிந்துவிடுவதுண்டு. அவற்றிலிருந்து மாணவர் பெறுவது ஊக்கம். ஊக்கமும் வேண்டியதே, ஆனால் மலைநாட்டின் சட்ட வாழ்வை நோக்கும் எவருக்கும், அந்தச் சந்திப்புகளில் கற்றுக்கொள்ள வேண்டியது வேறொன்று உண்டு என்பது தெரியவரும். நூலில் கோட்பாடாக வாசிக்கப்படும் அதே தீர்ப்பு, வழக்காளியின் வாழ்வில் நடைமுறையாக எவ்வாறு வந்து இறங்குகிறது என்பதே அது.

கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களுக்கும் சட்டத்தரணிகளுக்கும் இடையிலான உறவு புதியதன்று. மடுல்கலைப் பகுதியின் றெலுகாஸ் தோட்டத்தில் தொழில் பழக வந்த மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர், தொழிலாளர் பக்கம் நின்று இடதுசாரிக் கூட்டங்களில் பேசியமைக்காக, 1937இல் தேசாதிபதி ஸ்ரப்ஸ் அவரை நாடுகடத்துமாறு ஆணையிட்டார். பிரேஸ்கேர்டில் கைதுசெய்யப்பட்டபின் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு எழுத்தாணை, அதாவது தடுத்துவைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின்முன் கொண்டுவந்து தடுப்புக்குக் காரணம் காட்டுமாறு பணிக்கும் ஆணை, கோரப்பட்டது. அக்காலத்தின் முதன்மையான சிவில் வழக்கறிஞரான எச். வி. பெரேரா கட்டணமின்றி வாதாடினார். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரகாம்ஸும் அவருடன் அமர்ந்த நீதியரசர்களும், அவசரகாலத்துக்கென 1896ஆம் ஆண்டின் ஆணையொன்று வழங்கிய அதிகாரத்தை அமைதிக் காலத்தில் பயன்படுத்த முடியாது எனத் தீர்த்து அவரை விடுவித்தனர். மூன்றாண்டுகள் கழித்து, 1940 சனவரியில், ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கோரிய வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்; அதனை விசாரிக்க அமைந்த ஆணைக்குழுவின் முன்னிலையில் கோவிந்தனின் மனைவிக்காக கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து நிகழ்வை நிமிடம் நிமிடமாகப் பிரித்துக் காட்டும் அந்தக் கலையைப் பாடநூல் எதிலும் கற்க இயலாது. பிற்காலத்தில், அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் தொடங்கிய சத்தியோதயம் நிலையமும், 1974இல் அமைந்த தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகமும், சட்டத்தரணிகள் அல்லாதோரும் தோட்ட மக்களின் உரிமைப் பிரச்சினைகளைத் தொகுத்து எழுதவும் வாதிடவும் வழிவகுத்தன.

இந்த வரலாற்றின் மையத்தில் ஓர் எளிய உண்மை உள்ளது. தோட்டத் தொழிலாளியின் இருப்பிடம் அவரது வேலையோடு கட்டுண்டது. வேலை போனால் லயக் காம்பராவும், அதாவது தோட்டத்தின் வரிசைக் குடியிருப்பிலுள்ள அறையும், போகும் என்ற அச்சம் தலைமுறை தலைமுறையாக அங்கு நிலவிவருகிறது. சட்டம் இந்த அச்சத்தை இருவேறு காலங்களில் இருவேறு விதமாகக் கையாண்டது. முன்னைய காலத்தில், வேலையிலிருந்து நீக்கப்பட்டபின்னும் வெளியேறாதவர்மீது குற்றவியல் அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டது. அவ்வாறு எழுந்த செல்வநாயகம் வழக்கில், அன்று இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் கோமறைக் கழகம் 1950இல் வழங்கிய தீர்ப்பு, அத்துமீறல் குற்றமாவதற்குப் பிறரைத் துன்புறுத்தும் எண்ணமே செயலின் உண்மையான நோக்கமாக இருந்திருக்க வேண்டும் என்றும், தான் தங்கியிருப்பது தோட்டத் துரைக்கு எரிச்சலூட்டும் என்பதை ஒருவர் அறிந்திருந்தமை மட்டும் போதாது என்றும் விளக்கியது. போக்கிடமின்றித் தங்கியிருப்பவருக்கு அத்தீர்ப்பு ஒரு வாதத்தைத் தந்தது. அவரது மனத்தில் இருந்தது என்ன என்று நீதிமன்றம் கேட்டாக வேண்டியிருந்தது.

பின்னர் நிலைமை மாறியது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தன; 1992இல் பல தோட்டங்களின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றபோதும் காணி அரச காணியாகவே இருந்தது. கண்டி, மாத்தளைப் பகுதிகளின் சில தோட்டங்களோ முகாமையிலும் அரச நிறுவனங்களிடமே எஞ்சின. இதனால் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறுதல்) சட்டம் லயத்தின் வாசல்வரை வந்து சேர்ந்தது. அச்சட்டத்தின்படி, தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவர் காணி அரசுக்குரியது என்றும் அதில் இருப்பவர் அனுமதியின்றி இருக்கிறார் என்றும் கருதினால், குறைந்தது 30 நாள் அவகாசம் தந்து வெளியேறல் அறிவித்தல் அனுப்பலாம். வெளியேறாவிடின் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பம் செய்யலாம். அங்கு அழைக்கப்படுபவர் காட்டக்கூடிய காரணம் ஒன்றே ஒன்றுதான்: அரசு எழுத்துச் சட்டத்துக்கு அமைய வழங்கிய, இன்னும் வலுவிலுள்ள அனுமதிப்பத்திரமோ வேறு எழுத்து அதிகாரமோ தம்மிடம் உண்டு என்பது. விண்ணப்பத்தில் கூறப்பட்ட விடயங்களுக்கு ஆதாரம் காட்டுமாறு அதிகாரியைக் கேட்க நீதவானுக்கு அதிகாரமில்லை. அவரது கட்டளைக்கு எதிராக மேன்முறையீடும் இல்லை.

ஓர் ஏழைத் தொழிலாளி நீதவான் முன்னிலையில் எழுந்து, தமது பாட்டனார் காலத்திலிருந்தே இந்த லயத்தில் குடியிருக்கிறோம் என்று சொல்லும் காட்சியை மனத்தில் கொண்டால், 1950க்கும் 1979க்கும் இடையில் நேர்ந்த மாற்றத்தின் ஆழம் விளங்கும். முன்னர் நோக்கத்தைப் பற்றிக் கேள்வி கேட்கப்பட்டது. இப்போது காகிதம் உண்டா என்று மட்டுமே கேட்கப்படுகிறது. பாட்டனார் காலத்துக் குடியிருப்பு அந்தக் கேள்விக்கு விடையாகாது. நீதவான் இரக்கமுள்ளவராக இருக்கலாம். ஆனால் சட்டம் அவர் கேட்கக்கூடியதை வரையறுத்துவிட்டது. சட்ட மாணவர் முன் பேச வரும் நீதிபதி ஒருவர், தம்முன் உள்ள வழக்கு எதையும் தொடாமலே, இத்தகைய வரையறைக்குள் நின்று கட்டளையிடுவது எத்தகைய பணி என்பதை விளக்க முடியும். அந்த விளக்கம் கிடைக்கும்வரை, நீதிமன்றம் என்பது எல்லாவற்றையும் கேட்டுத் தீர்க்கும் இடம் என்ற எண்ணத்தோடேயே மாணவர் பட்டம் பெற்றுச் செல்வர்.

இங்கேதான் சோலைமுத்து ராசு வழக்கு முக்கியத்துவம் பெறுகிறது. இராகலைப் பகுதியின் ஸ்டாஃபர்ட் தோட்டத்தில் வெளியேறல் அறிவித்தல் பெற்ற அவர், அதனை இரத்துச் செய்யும் உறுதிகேள் எழுத்தாணையைக் கண்டியில் அமரும் மத்திய மாகாண மேல் நீதிமன்றத்தில் கோரினார். உறுதிகேள் எழுத்தாணை என்பது, அதிகாரி ஒருவர் தமது அதிகார எல்லையை மீறியோ சட்டமுறையைப் புறக்கணித்தோ எடுத்த தீர்மானத்தை மேல்நிலை நீதிமன்றம் ஆராய்ந்து நீக்கும் பரிகாரம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் மாகாண சபைகளோடு மாகாண மேல் நீதிமன்றங்களையும் உருவாக்கி, மாகாண சபைகளுக்கு ஒதுக்கப்பட்ட விடயங்களைப் பொறுத்தளவில் எழுத்தாணை வழங்கும் அதிகாரத்தை அவற்றுக்கும் அளித்திருந்தது. எனவே கேள்வி இதுவாயிற்று: அரச காணி மாகாண சபைக்குரிய விடயமா, மத்திய அரசுக்குரிய விடயமா? மேல் நீதிமன்றம் தனக்கு அதிகாரமில்லை என்றது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு மாறாகத் தீர்த்தது. உயர் நீதிமன்றம் 2013 செப்ரெம்பர் 26ஆம் திகதி, அரச காணி மத்திய அரசின் கீழேயே உள்ளது என்றும், ஆகவே வெளியேறல் அறிவித்தலை ஆராயும் அதிகாரம் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு இல்லை என்றும் முடிவுசெய்தது.

அரசியலமைப்புச் சட்ட வகுப்பில் இத்தீர்ப்பு அதிகாரப் பகிர்வு பற்றிய தீர்ப்பாகவே வாசிக்கப்படுகிறது. மாகாணங்களுக்குக் காணி அதிகாரம் உண்டா என்ற அரசியல் விவாதம் அதன் வெளியீட்டுக்குப் பின் பெரிதாக எழுந்ததும் உண்மை. தமிழ் வாசகர்கள் அதனை அறிந்திருப்பதும் அவ்விவாதத்தின் வழியாகவே. ஆனால் லயத்தில் அறிவித்தலைக் கையில் வைத்திருப்பவரின் நிலையிலிருந்து நோக்கினால், அதே தீர்ப்பு இடத்தைப் பற்றிய தீர்ப்பாகவும் இருக்கிறது. கண்டியில் கோரியிருக்கக்கூடிய பரிகாரத்தை இனிக் கொழும்பின் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் கோர வேண்டும். கண்டியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 115 கிலோமீற்றர். தோட்டத்திலிருந்து கண்டிக்கு வருவதே ஒரு நாள் சம்பளத்தை இழக்கும் பயணம். கொழும்பில் சட்டத்தரணி ஒருவரை அமர்த்த வேண்டும், ஆவணங்களை ஆங்கிலத்தில் தயாரிக்க வேண்டும், தவணைதோறும் வழக்கின் நிலையை அறிந்துகொள்ள வேண்டும். அறிவித்தலில் குறிக்கப்பட்ட 30 நாள் இவற்றுக்குப் போதுமா என்ற கேள்வி தீர்ப்பின் எந்தப் பக்கத்திலும் இடம்பெற வேண்டியதில்லை. ஆனால் சட்ட உதவி அலுவலகத்தின் மேசையில் முதலில் எழுவது அக்கேள்வியே. இந்த இரண்டாவது வாசிப்பைக் கற்பிக்கக்கூடியவர்கள் அந்த மேசையில் அமர்ந்தவர்களே.

அடிப்படை உரிமை மனுக்களின் நிலையும் இதற்கு ஒப்பானது. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி, அரச அதிகாரத்தால் தமது அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும். உயர் நீதிமன்றம் கொழும்பில் மட்டுமே அமர்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நடைபெறும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. கண்டியில் அலுவலகம் இருப்பதால் மலைநாட்டவருக்கு இது பெரிய வாய்ப்பு. எனினும் சட்டத்தரணியைச் சந்திக்கும்வரை காத்திருப்பவருக்கு இந்த வாய்ப்புத் தெரியவருவதற்குள் அந்த மாதம் கழிந்துவிடக்கூடும். சம்பவம் நடந்த வாரத்திலேயே யாரோ ஒருவர் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். சட்டம் கற்கும் மாணவர்கள் தமது ஊர்களில் அந்த யாரோ ஒருவராக இருக்க இயலும் என்பதே, பொதுச் சேவைச் சட்டத்தரணிகளின் உரைகளுக்குப் பாடத்திட்டத்தில் இடம் தர வேண்டும் என்பதற்கான மிக வலுவான காரணம்.

தோட்டத் தொழிலாளி தானாகவே எளிதில் அணுகக்கூடிய மன்றமாக 1957இலிருந்து தொழில் நியாய சபை விளங்குகிறது. 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தைத் திருத்தி உருவாக்கப்பட்ட இச்சபை, ஒப்பந்தத்தின் சொற்களோடு கட்டுண்டு நில்லாமல் நீதியும் நேர்மையுமான கட்டளை என்று தோன்றுவதை வழங்கலாம். தொழிற்சங்கப் பிரதிநிதி தொழிலாளிக்காகத் தோன்றலாம். வேலை நீக்கம் பற்றிய விண்ணப்பத்தை ஆறு மாதங்களுக்குள் செய்ய வேண்டும். இங்கு வழக்கைச் சிக்கலாக்குவது பெரும்பாலும் சட்டக் கோட்பாடு அன்று, பதிவேடு. பிறப்புச் சான்றிதழில் முத்தம்மா என்றும், அடையாள அட்டையில் முத்தம்மாள் என்றும், தோட்டத்தின் செக்ரோல் எனும் வரவுப் பதிவேட்டில் தந்தையின் பெயரோடு சேர்த்து வேறோர் எழுத்துக்கூட்டலிலும் பதிவான ஒருவர், முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தபின் தமது பணிக்கொடையையும் ஊழியர் சேமலாப நிதியையும் பெற முனையும்போது, தாம் ஒருவரே என்று நிறுவ வேண்டியவராகிறார். சிங்களத்தில் எழுதும் பதிவாளரும் ஆங்கிலத்தில் எழுதும் தோட்ட எழுதுவினைஞரும் தத்தம் காதுக்கு எட்டியபடி எழுதிய பெயர்கள் அவை. சத்தியக் கடதாசி, கிராம அலுவலர் கடிதம், பழைய சம்பளச் சீட்டு ஆகியவற்றை எந்த வரிசையில் சேர்த்தால் அந்தப் பெயர்கள் ஒருவருடையவையே என்பது நிலைநாட்டப்படும் என்பதைச் சட்ட உதவிச் சட்டத்தரணி ஒருவர் அரை மணிநேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவார். பல்கலைக்கழக நூலகத்தில் அதைத் தேடினால் ஒரு தவணை கழிந்துவிடும்.

வறியோருக்குச் சட்ட உதவி வழங்கும் ஆணைக்குழுவை இலங்கை 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைத்தது. இந்தியாவில் அதற்கு ஒப்பான சட்டப் பணிகள் அதிகார அமைப்புகளுக்கான சட்டம் இயற்றப்பட்டது 1987இல்தான் என்பது இங்கு நினைவில் கொள்ளத்தக்கது. ஆனால் இந்தியச் சட்டம் ஒரு படி மேலே சென்று, பல்கலைக்கழகங்களிலும் சட்டக் கல்லூரிகளிலும் சட்ட உதவி மையங்களை வளர்ப்பதைத் தேசிய அதிகார அமைப்பின் கடமைகளில் ஒன்றாக எழுதிவைத்தது. இந்திய வழக்கறிஞர் கழகம் 1997இல் செயல்முறைப் பயிற்சித் தாள்களைச் சட்டப் பட்டப்படிப்பின் கட்டாயப் பகுதியாக்கியது. விதி எழுதப்பட்டதும் எல்லாக் கல்லூரிகளும் மாறிவிடவில்லை. ஆயினும் நீதிபதி அல்லது சட்ட உதவி வழக்கறிஞர் வந்து பேசும் கூட்டம் பாடத்தின் உறுப்பாகவும் மதிப்பெண்ணுக்குரியதாகவும் ஆவதற்கு அங்கு ஓர் அடிப்படை உண்டு. கண்டிக்குப் பொருத்தமான பாடம் அதுவே.

நீதிபதிகள் மாணவரோடு உரையாடுவது நீதிச் சேவையின் ஒதுங்கிய ஒழுக்கத்துக்கு இசையுமா என்ற ஐயம் அவ்வப்போது எழுப்பப்படுகிறது. சர்வதேச நீதிமன்றத்தின் உப தலைவராகவும் இருந்த இலங்கையர், நீதியரசர் சி. ஜி. வீரமந்திரியின் தலைமையில் உருப்பெற்று 2002இல் ஹேக் நகரில் இறுதி செய்யப்பட்ட பெங்களூர் நீதித்துறை ஒழுக்கக் கோட்பாடுகள் இதற்குத் தெளிவான விடை தருகின்றன: நீதிக் கடமைக்குக் குந்தகம் இல்லாத வரையில், சட்டம் பற்றியும் நீதி நிருவாகம் பற்றியும் நீதிபதி எழுதலாம், உரையாற்றலாம், கற்பிக்கலாம். நிலுவையிலுள்ள வழக்கைப் பற்றியும், தம்முன் வரக்கூடிய வாதத்தின் முடிவைப் பற்றியும் பேசலாகாது என்பதே எல்லை. முடிந்துபோன வழக்கொன்றின் கோப்பை, பெயர்களை மறைத்து, முறைப்பாட்டிலிருந்து கட்டளைவரை பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டுவது அந்த எல்லைக்குள் நன்கு அடங்கும். பொதுவான அறிவுரையைவிட இதற்குக் கூடுதல் தயாரிப்பு தேவை. நீதிபதியின் நேரத்தைக் கேட்பவர்கள் அந்தத் தயாரிப்பில் பாதியைத் தாமே செய்துகொடுக்க வேண்டும்.

மொழி பற்றிய சிக்கல் இவை எல்லாவற்றின் ஊடாகவும் ஓடுகிறது. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சிங்களத்தையும் தமிழையும் இலங்கையின் நீதிமன்ற மொழிகளாகக் கூறினும், தமிழ் நிருவாக மொழியாக உள்ள பகுதிகள் தவிர்ந்த இடங்களில் பதிவேடு சிங்களத்திலேயே அமையும். கண்டி நீதிமன்றங்களின் நடைமுறையும் அதுவே. அதே உறுப்புரை, வழக்காளி தமிழிலேயே மனுச் செய்யவும் நடவடிக்கைகளில் பங்குகொள்ளவும், நீதிமன்ற மொழியை அறியாதவர் அரசின் செலவில் உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் பெறவும், தமக்கு உரித்தான பதிவேட்டின் பகுதியைத் தமது மொழியில் பெறவும் உரிமை தருகிறது. தோட்டத்துச் சாட்சி தமிழில் சொல்வது சிங்களத்தில் பதிவாகி, வழக்கு மேன்முறையீட்டுக்குச் சென்றால் ஆங்கிலத்தில் வாதிடப்படுகிறது. சட்டக் கல்லூரியின் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டுமே நடத்த வகைசெய்த 2020 திசெம்பர் வர்த்தமானி அறிவித்தலைப் பாராளுமன்றம் 2023 மார்ச்சில் நிராகரித்தபோது எழுந்த விவாதமும், இந்த மூன்று மொழிப் பயணத்தின் எந்தக் கட்டத்தில் சட்டத்தரணி நிற்கப்போகிறார் என்பது பற்றியதே. ஆங்கிலம் இன்றி உயர் நீதிமன்றத்தில் வாதிடுவது கடினம் என்ற வாதத்தில் உண்மை உண்டு. தமிழறியாத சட்டத்தரணி லயத்திலிருந்து வந்தவரிடம் வழக்கின் அறிவுறுத்தலைப் பெறுவது அதனினும் கடினம் என்பதும் உண்மை.

ஆகவே பேராதனையில் நடைபெறும் இத்தகைய சந்திப்புகளுக்கு நீதிபதியையும் சட்டத்தரணியையும் அழைப்பதோடு, நீதிமன்றத்தின் உரைபெயர்ப்பாளரையும் பதிவேட்டறை அலுவலரையும் அழைப்பது நல்லது. சாட்சியின் நீண்ட விடை உரைபெயர்ப்பில் எங்கு சுருங்குகிறது, சாட்சி தயங்கியது பதிவேட்டில் எவ்வாறு மறைந்துபோகிறது, பிழையான உரைபெயர்ப்பைச் சட்டத்தரணி எந்தக் கணத்தில் எழுந்து ஆட்சேபித்தால் அது பதிவாகும் என்பவற்றை அவர்களே அறிவர். அந்த அமர்வு தமிழிலும் சிங்களத்திலும் நடைபெற வேண்டும். தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் ஒரே மேசையில் இருந்து, ஒரு பக்கச் சாட்சியத்தைத் தமிழில் கேட்டு, சிங்களப் பதிவோடு ஒப்பிட்டு, 24ஆம் உறுப்புரையின்கீழ் பதிவேட்டின் தமிழ்ப் பிரதியைக் கோரும் விண்ணப்பத்தை அங்கேயே எழுதிப் பழக வேண்டும்.